நூற்றிருபத்தைந்தா, பன்னிரண்டரையா?

(லுணுகலையில் உயர்தர மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பலகையில் ஓர் எண் எழுதியிருக்கிறேன்: 125. ஒரு தோட்டத்தின் பழைய மழைப் புத்தகத்தில், நவம்பர் மாதப் பக்கத்தில் இது இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் 8, மறுநாள் 14, நடுவில் 125. காலை எட்டரைக்கு மழைமானித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்தவர் அவசரத்தில் புள்ளியை விட்டுவிட்டாரா? 12.5 என்று இருந்திருக்க வேண்டுமா? அல்லது அன்றைக்கு இந்தச் சரிவில் உண்மையிலேயே 125 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஐந்து அங்குல மழை, கொட்டியதா?

நான் பேச வந்தது பேய்ஸ் முறைப் புள்ளிவிபரவியலில் வால் தடித்த பரம்பல்களைக் கணினி நிரலில் கையாள்வது பற்றி. தலைப்பு பயமுறுத்தும். விஷயம் இந்த 125க்குள்ளேயே இருக்கிறது.

மழைக்கும் உங்களுக்கும் அறிமுகம் தேவையில்லை. யூலை, ஆகஸ்டில் கச்சான் காற்று அடித்து மலை வறண்டு கிடக்கும். அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணம் ஏறுகிறது. ஒக்டோபரில் இடிமழை, பிறகு ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. கவ்வாத்து எப்போது, உரம் எப்போது என்று எல்லாம் மழையைப் பார்த்தே நடப்பதால் தோட்டங்களில் மழை அளப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். அந்தப் புத்தகங்களைப் புரட்டினால் பக்கம் பக்கமாகச் சின்ன எண்கள்தான். ஆனால் ஒரு வருஷத்தின் கதையை எழுதுவது அவையல்ல, நாலைந்து நாள் மழை.

1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நடந்த மண்சரிவுகளை உங்கள் தாத்தா பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான், 1990இல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலையைத் தொடங்கியது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை மாற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலைப் பற்றி நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று.

மண்சரிவு எச்சரிக்கைக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் எளியவை. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் கவனம். 100 தாண்டினால் ஆயத்தம். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினாலோ வீட்டை விட்டு வெளியேற வேண்டும். ஆகவே பலகையில் உள்ள 125 வெறும் எழுத்துப் பிழையா, மழையா என்பது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. அந்த எண்ணை வைத்துத்தான் 150 எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று கணக்குப் போடப் போகிறோம்.

இனி வால். எந்தப் பரம்பலுக்கும் ஒரு நடு உண்டு, ஓரம் உண்டு. நடுவில் பல பரம்பல்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி மேடாகத் தெரியும். ஓரத்துக்குப் போனால்தான் குணம் தெரியும். செவ்வன் பரம்பலில் இடையிலிருந்து ஐந்து நியம விலகல் தாண்டி மேலே ஒரு பெறுமானம் விழுவதற்கு 35 இலட்சத்தில் ஒரு வாய்ப்பு. நாளுக்கு ஒன்றாக எண்ணினால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு ஒருமுறை. அதே ஐந்து அளவுத் தூரத்தை, நான்கு சுயாதீன அளவு கொண்ட ஸ்டூடன்ட் பரம்பலில் தாண்ட 267இல் ஒரு வாய்ப்பு. கோஷி பரம்பலில் 16இல் ஒன்று. நடு மேட்டைப் பார்த்து இந்த மூன்றையும் வேறுபடுத்த உங்களுக்குச் சில நூறு தரவுகளாவது வேண்டும். ஓரத்தில் கதை முற்றிலும் வேறு.

ஸ்டூடன்ட் என்பவர் யாரோ மாணவர் அல்ல. டப்ளின் கின்னஸ் பியர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி கொசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை விடவில்லை. அதனால் 1908இல் வந்த கட்டுரையில் அந்தப் புனைபெயர். கையில் நாலைந்து மாதிரிகள் மட்டும் இருக்கும்போது எவ்வளவு நம்பலாம் என்பது அவர் கவலை. வால் தடித்தது அந்தக் கவலையின் விளைவு: சிதறலின் அளவே சரியாகத் தெரியாவிட்டால் ஓரத்தில் கூடுதல் இடம் விடத்தான் வேண்டும்.

இப்போது 125க்கு வருவோம். கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். புத்தகம் எழுதுகிறவர் ஆயிரம் தடவைக்கு ஒருமுறை புள்ளியைத் தவறவிடுகிறார். 12.5 என்று பதிவாகும் நாள் ஆயிரத்தில் ஒன்று. ஆக, 12.5 மழை பெய்து அது 125 என்று எழுதப்படும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. இதற்கு எதிரே நிற்பது, உண்மையாகவே 125 பெய்யும் வாய்ப்பு. மெலிந்த வால் உள்ள பரம்பலை மழைக்குப் போட்டிருந்தீர்கள் என்றால் அது ஒரு கோடியில் ஒன்று என்று வரலாம். அப்போது இரண்டு வாய்ப்புகளையும் எடைபோட்டுப் பேய்ஸ் விதி சொல்லும்: பத்துக்கு ஒன்று, இது எழுத்துப் பிழை, அடித்துவிடு. வால் தடித்த பரம்பலைப் போட்டிருந்தால் ஓர் இலட்சத்தில் ஒன்று என்று வரலாம். அப்போது அதே விதி சொல்லும்: பத்துக்கு ஒன்று, இது மழை.

புத்தகம் மாறவில்லை. எழுதியவர் மாறவில்லை. நீங்கள் முதல் வரியில் தேர்ந்தெடுத்த பரம்பல்தான் அந்த நாளை வைத்திருப்பதா, அழிப்பதா என்று முடிவு செய்தது. இன்னும் மோசம், மெலிந்த வாலை நம்பிப் பெரிய எண்களை அடித்துவிட்டு மீதியை வைத்து மறுபடி பொருத்தினால் வால் மேலும் மெலியும். அடுத்த பெருமழை இன்னும் சுலபமாகப் பிழையாகிவிடும். தரவைத் துப்பரவு செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

பாடப் புத்தகங்கள் குழப்பிவிடும் ஓர் இடம் இங்கேதான் வருகிறது. வாலைத் தடிக்க வைப்பது ஒரே வேலைக்கு அல்ல. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளுக்கு.

முதலாவது வேலை: விலகி நிற்கும் எண்ணைப் பொருட்படுத்தாமல் விடுவது. ஒரு தோட்டத்தின் சராசரிக் கொழுந்து நிறையை உயரத்தோடும் உரத்தோடும் தொடர்புபடுத்தப் பார்க்கிறீர்கள். மடுவத்தில் தராசு பிசகி ஒரு நாள் எண் எங்கேயோ போய்விட்டது. செவ்வன் பரம்பலில் தூரத்தின் வர்க்கத்துக்குத் தண்டனை, ஆகவே அந்த ஒரு நாள் முழுக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கும். ஸ்டூடன்ட் பரம்பலில் ஓர் எல்லைக்கு அப்பால் தூரம் கூடக் கூட இழுவிசை குறையும். லாங், லிட்டில், டெய்லர் மூவரும் 1989இல் இதை முறைப்படி எழுதினார்கள். இதில் பெரிய எண் என்பது இரைச்சல்.

இரண்டாவது வேலை: அந்தப் பெரிய எண்ணையே ஆராய்வது. மழையில் நமக்கு வேண்டியது சராசரி அல்ல, ஓரம். இதில் ஸ்டூடன்ட் பரம்பலை வைத்துச் சராசரியை உறுதியாகப் பிடித்துக்கொண்டால், எதைக் கேட்க வந்தோமோ அதற்கே காதைப் பொத்திக்கொண்டதாகும். நிரலில் இரண்டும் ஒரே வரி மாற்றம்தான். செவ்வன் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் எழுதுகிறோம். அதனால்தான் ஆட்கள் யோசிக்காமல் மாற்றிவிடுகிறார்கள்.

பேய்ஸ் முறையில் இதற்கு ஒரு பொதுவான விதி உண்டு. 1961இல் புரூனோ டி ஃபினெட்டி கோடிகாட்டியதை 1970களில் டாவிட், ஓ'ஹேகன் ஆகியோர் நிறுவினார்கள். முன் நம்பிக்கையும் தரவும் மோதும்போது எந்தப் பக்கத்து வால் தடித்ததோ அந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கும். முன் நம்பிக்கையைக் காட்டும் முற்பரம்பலின் வால் தடித்திருந்தால் தரவு வெல்லும். தரவின் பரம்பல் வால் தடித்திருந்தால் முன் நம்பிக்கை வெல்லும். இரண்டும் செவ்வன் என்றால் சண்டையே தெரியாது. இரண்டுக்கும் நடுவில், யாருமே நம்பாத ஓரிடத்தில் உறுதியாகப் போய் உட்காரும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடிக்காதது.

சரி, பெருமழைக்கு என்ன பரம்பல்? ஒரு வாசலை, 50 மி.மீ. என்று, வைத்து அதைத் தாண்டிய நாட்களை மட்டும் எடுத்து, தாண்டிய அளவுக்குப் பொதுப் பரேட்டோ பரம்பலைப் பொருத்துவது வழக்கம். பால்கெமா, டி ஹான் 1974இலும் பிக்கண்ட்ஸ் 1975இலும் அதற்கான காரணத்தைக் காட்டினார்கள். அதில் ஓர் அளவு, ஒரு வடிவ எண். வடிவ எண் பூச்சியமானால் வால் அடுக்குக்குறியாக மெலியும். நேரானால் தடிக்கும்.

இதை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். வருஷத்துக்கு ஐந்து நாள் 50ஐத் தாண்டுகிறது, தாண்டுவது சராசரியாக 20 மி.மீ. என்று எடுங்கள். வடிவ எண் பூச்சியமானால், தாண்டிய நாட்களில் 150ஐயும் தாண்டுவது 148இல் ஒன்று. வடிவ எண்ணை 0.15 ஆக்கி, சராசரியை அதே 20இல் வைத்தால் 68இல் ஒன்று. பரவாயில்லை, இரண்டு மடங்குதானே என்பீர்கள். 250க்குப் போங்கள். பூச்சியத்தில் 22,000இல் ஒன்று, அதாவது 4,400 வருஷத்துக்கு ஒருமுறை. 0.15இல் 880இல் ஒன்று. சுமார் 176 வருஷம். அநுராதபுரம் தலைநகராவதற்கு முந்திய காலத்தில் ஒருமுறை என்பதற்கும், இங்கே கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து ஒருமுறை என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டுக்கும் நடுவே மாறியது ஒரு சின்னத் தசம எண்.

0.15 நான் கற்பனையில் எடுத்ததல்ல. ஏதென்சைச் சேர்ந்த கௌட்சோயியானிஸ் 2004இல் உலகின் நீண்ட மழைப் பதிவுகள் 169ஐ ஆராய்ந்து அந்த அளவைத்தான் முன்வைத்தார். அவரும் பப்பலெக்சியூவும் 2013இல் 15,137 பதிவுகளைப் பார்த்தபோதும் தடித்த வாலே பெரும்பாலும் வென்றது. இன்னொன்றும் கண்டார்கள்: பதிவு குறுகியதாக இருந்தால் வால் மெலிந்ததாகவே தோன்றும். இருபது வருஷப் புத்தகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நம் தோட்டத்தில் அப்படி மழை பெய்யாது என்று சொல்கிறவருக்கு அது பதில்.

வெனிசுவேலாவில் இது நடந்தே காட்டியது. கடலோரமாக மலை எழும்பி நிற்கும் வர்காஸ் மாநிலத்தில் 1999 டிசெம்பர் நடுவில் ஒரே நாளில் 410 மி.மீ. பெய்தது. முந்தைய அரை நூற்றாண்டுப் பதிவின் ஆகக்கூடிய நாளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மலைச்சரிவுகளும் சேற்று வெள்ளமும் பல ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோயின. ஸ்டூவர்ட் கோல்ஸ், லூயிஸ் பெரிச்சி இருவரும் 2003இல் அந்தப் பழைய தரவை மறுபடி எடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: நடப்பதற்கு முன் இருந்த எண்களை மட்டும் வைத்து இதை எதிர்பார்த்திருக்க முடியுமா? வடிவ எண்ணைப் பூச்சியமாகக் கட்டிவைத்த கும்பெல் மாதிரியுரு அது நடக்கவே நடக்காது என்றது. வடிவ எண்ணைத் திறந்துவிட்டு, அதன் நிச்சயமின்மையையும் பேய்ஸ் முறையில் சேர்த்துக் கணித்தபோது அது அரிய நிகழ்வாயிற்று, நம்பமுடியாததாக இருக்கவில்லை.

பூச்சியம் என்று கட்டிவைப்பது அடக்கமான தேர்வு போலத் தெரியும். பேய்ஸ் கண்ணால் பார்த்தால் அது வடிவ எண் பூச்சியம் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை என்ற முன் நம்பிக்கை. அப்படிச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. அதற்காக எதுவும் வரலாம் என்று முழுக்கத் திறந்துவிடுவதும் வேலைக்காகாது. இருபது வருஷத் தரவு வடிவ எண்ணைப் பற்றி மிகக் குறைவாகவே பேசும். மார்ட்டின்ஸ், ஸ்டெடிங்கர் இருவரும் 2000இல் முன்வைத்த வழி நல்லது: மைனஸ் அரைக்கும் அரைக்கும் இடையில், 0.10ஐ நடுவாகக் கொண்ட ஒரு பீட்டா முற்பரம்பல். உலக மழையைப் பார்த்து வந்த அறிவை அப்படி நிரலுக்குள் வைக்கலாம்.

நிரல் என்றேன். நான் சொல்வது ஸ்டான். மொன்டே கார்லோ முறையைக் கண்டவர்களில் ஒருவரான ஸ்டனிஸ்லாவ் உலாமின் பெயர் அது. 2012இல் முதல் பதிப்பு வந்தது, இலவசம், பாடசாலைக் கணினியிலும் ஓடும். நீங்கள் பரம்பல்களை வரி வரியாக எழுதிக் கொடுத்தால் அது, தரவைப் பார்த்தபின் வரும் பிற்பரம்பலுக்குள் நடந்து திரிந்து மாதிரிகளை எடுத்து வரும். நடப்பதற்கு அது சரிவைப் பார்க்கிறது. செவ்வன் பரம்பலில் தூரம் போகப் போகத் திரும்ப இழுக்கும் சரிவு கூடும். சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடும். கோஷி பரம்பலில் தூரம் போகப் போகச் சரிவு தட்டையாகும். நடப்பவர் எங்கோ போய்விட்டுத் திரும்பி வர வழி தெரியாமல் திரிவார். கணினி மணிக்கணக்கில் ஓடும், முடிவில் வரும் எண்களை நம்பமுடியாது, திரையில் எச்சரிக்கை வரிகள் வரிசையாக விழும்.

இதற்கு ஒரு கைவேலை உண்டு, அழகானது. இருட்டில் ஒரு நீண்ட நேர் மதிலுக்கு எதிரே டோர்ச் லைட்டோடு நில்லுங்கள். மதிலை நோக்கிய பக்கத்தில், இடம் வலமாக எந்தக் கோணத்துக்கும் சம வாய்ப்பு வைத்துத் திருப்புங்கள். வெளிச்சம் மதிலில் விழும் இடங்கள் கோஷி பரம்பலில் இருக்கும். பெரும்பாலும் உங்களுக்கு நேரே; சில வேளை மதிலோடு ஏறக்குறைய இணையாகப் போய் வெகு தூரத்தில். ஆகவே நிரலில் தூரத்தைத் தேடச் சொல்லாதீர்கள், கோணத்தைத் தேடச் சொல்லுங்கள். கோணம் −90 பாகைக்கும் 90க்கும் இடையில் அடங்கியது. அதன் டான்ஜன்டை அளவால் பெருக்கினால் கோஷி கிடைக்கும். இரண்டு வரி மாற்றம். மணிக்கணக்கு நிமிடமாகும். ஸ்டூடன்ட் பரம்பலுக்கும் இதேபோல் செவ்வனையும் காமாவையும் பிரித்து எழுதும் வழி இருக்கிறது.

ஆனால் கோஷி அங்கே தேவைதானா என்று முதலில் கேளுங்கள். லுணுகலை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை என்று பல தோட்டத்துப் புத்தகங்களை ஒரே மாதிரியுருவில் சேர்த்தால், தோட்டத்துக்குத் தோட்டம் சராசரி எவ்வளவு மாறும் என்பதற்கும் ஒரு முற்பரம்பல் வேண்டும். அன்ட்ரூ கெல்மன் 2006இல் அதற்குப் பாதிக் கோஷியைச் சொன்னபிறகு எல்லோரும் அதையே எழுதினார்கள். அளவு 10 மி.மீ. என்று வைத்துப் பாருங்கள்: வேறுபாடு 100ஐத் தாண்ட நூற்றில் ஆறு வாய்ப்பு, 1,000ஐத் தாண்ட 157இல் ஒன்று. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களின் நாள்மழைச் சராசரிக்கு இடையில் ஆயிரம் மில்லிமீற்றர்! பெரட்டுக் களத்தில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். கெல்மனும் ஸ்டான் குழுவும் பிறகு மெலிந்த பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தெரிந்த இடத்தில் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தடித்த வால் உண்மையாகவே தெரியாத இடத்துக்கு.

மாதிரியுருவுக்குத் தெரியாதவை இன்னும் இருக்கின்றன. கான் தூர்ந்து கிடப்பது மழைப் புத்தகத்தில் இருக்காது. லயத்துக்கு மேலே மண் எந்தக் காலத்துச் சரிவில் வந்து குவிந்தது என்பது இருக்காது. 150 மி.மீ. மழை வரும் வாய்ப்பு வேறு, அந்த மழையில் இந்த மலை இறங்கும் வாய்ப்பு வேறு. இரண்டாவதைச் சொல்ல நிலவியலாளர் வேண்டும், நான் இல்லை.

பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவதற்கு உங்களில் சிலர் முன்வந்திருப்பதாக ஆசிரியர் சொன்னார். அதற்காகச் சில வார்த்தைகள். சந்தேகமான எண்ணைத் திருத்தாதீர்கள். 125 என்றிருந்தால் 125 என்றே ஏற்றி, பக்கத்தில் தனிக் கட்டமொன்றில் சந்தேகம் என்று குறியுங்கள். அதே நாளில் பக்கத்துத் தோட்டங்கள் என்ன எழுதின என்று பாருங்கள். மடுல்சீமையில் 90, பசறையில் 110 என்று இருந்தால் உங்கள் 125க்கு வேறு சாட்சி வேண்டாம். புள்ளி தவறும் வாய்ப்பையும் மாதிரியுருவில் எழுதிவிடலாம். ஒவ்வொரு நாளும் பிழையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஸ்டானே சொல்லும்.

வெற்றிடங்களை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். பெருமழை நாளில்தான் அளக்க யாரும் போயிருக்க மாட்டார்கள், பாதை அடைத்திருக்கும். அந்த நாளுக்குக் கோடு போட்டுவிட்டு மறுநாள் இரண்டு நாள் மழையையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதியிருப்பார்கள். கோட்டைப் பூச்சியம் என்று ஏற்றினால் பெருமழையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டீர்கள். வெற்றிடம் என்று ஏற்றி, சேர்த்த எண்ணை இரு நாளுக்குமான கூட்டுத்தொகை என்று குறியுங்கள். மழைமானி வழிந்தது என்று எழுதியிருந்தால், கொள்ளும் அளவை எண்ணாக ஏற்றாமல் 'இதற்கு மேல்' என்று ஏற்றுங்கள். ஸ்டானில் அதற்குத் தனி வரி உண்டு: அந்த அளவில் வரும் வாய்ப்பைக் கூட்டாமல், அதைத் தாண்டி வாலில் உள்ள முழு வாய்ப்பையும் கூட்டும் வரி. அப்படி வழிந்த நாட்கள் ஒரு புத்தகத்தில் இரண்டு மூன்று இருந்தாலே போதும், வடிவ எண்ணின் பிற்பரம்பல் நகர்வதை நீங்களே திரையில் பார்க்கலாம்.